ஐம்பது சைக்கிளும் ஒரு குண்டு பல்பும்

பாவூர்சத்திரத்தில் எலெக்ட்ரிகல் கடைக்காரர்களிடம் கொஞ்ச நேரம் நின்று பேச்சுக் கொடுத்தால் ஒரு புகார் கண்டிப்பாக வரும். புது எல்.இ.டி. பல்பு மாட்டியிருக்கிறோம், மினுக் மினுக்கென்று மினுக்குகிறது. எந்த சுவிட்சில் மாட்டினீர்கள் என்று துருவினால், அதில் பலருக்கு ஹாலிலோ படுக்கையறையிலோ ஒரு டிம்மர் இருக்கும். ஃபேன் ரெகுலேட்டர் மாதிரியே ஒரு திருகு; திருகினால் வெளிச்சம் கூடும், குறையும். குண்டு பல்பு இருந்த காலத்தில் அது ஒழுங்காகத்தான் வேலை செய்தது. பல்பை மாற்றியதும் வந்தது வினை.

இதற்கு ஊரில் மூன்று விளக்கங்கள் புழக்கத்தில் உள்ளன. ஒயர்மேன், "கரண்ட் சரியில்ல அண்ணாச்சி" என்பார். கடைக்காரர், "நீங்க வாங்குனது டூப்ளிகேட்டு, நல்ல கம்பெனியா பாத்து வாங்குங்க" என்பார். மூன்றாவது நம் பக்கத்துக்கே உரியது: "காத்தாடி சுத்த ஆரம்பிச்சிட்டுல்லா, சாரல் முடியிற வரைக்கும் இப்படித்தான் இருக்கும்." ஆலங்குளம், சுரண்டை பக்கம் வரிசையாக நிற்கும் காற்றாலைகளைத்தான் காத்தாடி என்கிறார்கள்.

மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் டிம்மரில் மாட்டிய பல்பு மினுக்குவதற்கு மூன்றுமே காரணம் இல்லை. நான் தோண்டிப் பார்த்த வரையில் இதன் வேர் 1891ல் ஜெர்மனியில் இருக்கிறது. சுற்றி வளைக்கிறேன் என்று நினைக்காதீர்கள், அங்கிருந்து தொடங்கினால்தான் பாவூர்சத்திரத்துக்கு ஒழுங்காக வந்து சேர முடியும்.

நம் வீட்டு மின்சாரம் ஏன் 50 ஹெர்ட்ஸ்? பழைய ஆட்கள் 50 சைக்கிள் என்பார்கள். இயற்கையில் இந்த எண்ணுக்கு எந்தச் சிறப்பும் இல்லை. 1880களிலும் 90களிலும் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு எண்ணை வைத்துக்கொண்டிருந்தது. மின்னோட்டம் வினாடிக்கு எத்தனை முறை திசை மாறினால் நல்லது என்பதில் இரண்டு கட்சிகள். பெரிய மோட்டார், நீண்ட தூர லைன் என்றால் குறைந்த எண் வசதி. விளக்குக்கு அதிக எண் வேண்டும், இல்லையென்றால் கண்ணுக்குத் துடிப்பு தெரியும்.

1891ல் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் நடந்த மின்சாரக் கண்காட்சிக்காக, லௌஃபன் என்ற ஊரின் நீர்மின் நிலையத்திலிருந்து சுமார் 175 கிலோமீட்டர் தூரத்துக்கு மின்சாரம் கொண்டுவந்து காட்டினார்கள். அன்றைக்கு அது உலக அதிசயம். அந்த லைன் ஓடியது 40 சைக்கிளில். மின்சாரம் வந்தது, விளக்குகள் எரிந்தன, ஆனால் உற்றுப் பார்த்தவர்களுக்குத் துடிப்பு தெரிந்தது. அதில் பங்கெடுத்த ஏ.இ.ஜி. நிறுவனம் அதற்குப் பிறகு தன் எண்ணை 50க்கு உயர்த்திக்கொண்டது. ஐரோப்பா முழுக்கப் பரவியது அந்த 50தான். இங்கே வந்து சேர்ந்ததும் அதுதான்.

மோட்டார் கட்சியும் சும்மா இருக்கவில்லை. 1895ல் அமெரிக்காவின் நயாகரா மின் நிலையம் 25 சைக்கிளில் தொடங்கியது. நமக்குப் பக்கத்திலேயே அப்படி ஒன்று இருந்தது. காவிரியில் சிவசமுத்திரம், 1902. கோலார் தங்கவயல் சுரங்கங்களுக்கு மின்சாரம் அனுப்புவதற்காக மைசூர் சமஸ்தானம் கட்டிய நிலையம். அதுவும் 25 சைக்கிள். சுரங்க மோட்டாருக்கு அது அமிர்தம். ஆனால் 1905ல் பெங்களூர் நகரத்துக்குத் தெருவிளக்கு போட்டபோது அதற்கும் இதே சிவசமுத்திரத்து மின்சாரம்தான் வந்தது. 25 சைக்கிளில் ஒரு விளக்கு வினாடிக்கு 50 முறை மங்கி எழும். கண் அதைப் பிடித்துவிடும், ஓரக்கண்ணால் பார்த்தால் இன்னும் நன்றாகவே பிடிக்கும். டிம்மர் என்ற பொருள் வீடுகளுக்குள் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தென்னிந்தியா மினுக்கும் விளக்கைப் பார்த்துவிட்டது என்று சொல்லலாம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. 50 சைக்கிளிலும் மின்னோட்டம் வினாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வருகிறது. அதாவது 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை கரண்டே இல்லாத ஒரு கணம் வருகிறது. அப்படியானால் விளக்கு அந்தக் கணத்தில் அணைய வேண்டாமா? குண்டு பல்பு அணைவதில்லை. உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழை ஏறக்குறைய 2,500 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கிறது. 10 மில்லிசெகண்டுக்குள் அந்தச் சூடு எங்கே ஆறப்போகிறது? கொஞ்சம் மங்கும், மறுபடி ஏறும், அவ்வளவுதான். தோசைக்கல்லுக்குக் கீழே அடுப்பை நிமிடத்துக்கு ஒருமுறை அணைத்து அணைத்து ஏற்றினாலும் தோசை வேகத்தான் செய்யும். அதே கதை.

ஆக, 50 என்ற எண்ணை முடிவு செய்தது அந்த இழையின் சோம்பல். இழைக்கு இவ்வளவு சோம்பல் இருக்கிறது, ஆகவே இவ்வளவு வேகத்தில் அனுப்பினால் போதும் என்பதுதான் கணக்கு. குண்டு பல்பு வெளிச்சம் கொடுத்தது எல்லாருக்கும் தெரியும். கரண்டின் ஏற்ற இறக்கத்தை நிரவி ஒழுங்காக்கிக் கொடுத்ததும் அதுதான். அந்த இரண்டாவது வேலையை யாரும் அதன் பேரில் எழுதி வைக்கவில்லை.

என் தொழிலில் இதை அடிக்கடி பார்க்கிறேன். பழைய மென்பொருளில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, அதே வேலையைப் பத்து மடங்கு வேகமாகச் செய்யும் புதுசைப் பொருத்துவார்கள். மறுநாள் சம்பந்தமே இல்லாத நாலு இடத்தில் உடையும். பழையது மெதுவாக ஓடியதே மற்றவற்றுக்கு ஒரு வசதியாக இருந்திருக்கும், அதை எந்த ஆவணமும் சொல்லியிருக்காது.

சரி, ஊருக்கு வருவோம். திருநெல்வேலிச் சீமையில் தண்ணீர் விசையை எந்திரத்துக்குப் பயன்படுத்தியது மின்சாரத்துக்கு முந்திய கதை. பாபநாசத்தில் தாமிரபரணி மலையிலிருந்து இறங்கும் விசையை வைத்து ஹார்வி சகோதரர்கள் 1880களிலேயே விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலை ஓட்டினார்கள். அரசாங்க மின்சாரம் வந்தது வெகு பின்னால். சென்னை மாகாண அரசு நீலகிரியில் பைக்காராவை 1932லும், மேட்டூரை 1937லும் தொடங்கியது. மூன்றாவது நம் பாபநாசம், 1944. உலகப் போர் நடந்துகொண்டிருந்த வருடம் அது. மூன்றுமே 50 சைக்கிள். மூன்றையும் பிறகு ஒன்றோடொன்று இணைத்தார்கள். தமிழ்நாடு மின்சார வாரியம் உருவானது 1957 ஜூலையில்.

அதற்குப் பிறகு ஊர் ஊராகக் கம்பம் நட்டு வந்த வெளிச்சத்தை எங்கள் தலைமுறைக்கு நினைவிருக்கும். அது நிலையான வெளிச்சம் இல்லை. கீழப்பாவூர்ப் பக்கம் கிணற்று மோட்டார்கள் ஓட ஆரம்பித்தால் தெருவில் அத்தனை பல்பும் பழுத்துப் போகும். இதற்கு ஒரு கணக்கு உண்டு. குண்டு பல்புக்குப் போகும் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 10 சதவீதம் குறையாது, 30 சதவீதம் குறையும். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 180 வந்தால் வெளிச்சம் பாதிக்கும் கீழே. "லோ வோல்டேஜ்" என்ற சொல் எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகளின் வாயில்கூடப் புழங்கியதற்குக் காரணம் இதுதான். குண்டு பல்பு ஒரு வோல்ட் மீட்டர் மாதிரி. லைனில் என்ன நடக்கிறதோ அதை அப்படியே முகத்தில் காட்டிவிடும், ஆனால் மெதுவாக. மெதுவான மாற்றத்தைக் காட்டும், வேகமான மாற்றத்தை விழுங்கிவிடும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எல்.இ.டி. இதற்கு நேர் எதிர்.

(இடைச்செருகல்: "ஜீரோ வாட்" பல்பு என்று ஒன்று படுக்கையறையில் எரியுமே, அது பூஜ்யம் வாட் இல்லை. 12 முதல் 15 வாட் வரை இழுக்கும். பழைய சுழல் மீட்டர்கள் அவ்வளவு சின்ன லோடைச் சரியாகக் கணக்கில் எடுக்காததால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. உலகத்தில் வேறு எங்கும் இப்படி ஒரு பெயர் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.)

வெளிச்சத்தை வேண்டுமென்றே குறைக்கும் ஆசை முதலில் வந்தது நாடக மேடைக்கு. மின்சாரம் போகும் வழியில் ஒரு பெரிய ரெசிஸ்டன்ஸை வைத்து ஒரு பகுதியைச் சூடாக வீணாக்கிவிட்டு மிச்சத்தை விளக்குக்கு அனுப்புவார்கள். நம் வீடுகளில் இதே தத்துவம் ஃபேனுக்கு இருந்தது. சுவரில் புடைத்துக்கொண்டு நிற்கும் பழைய கறுப்பு ரெகுலேட்டர் பெட்டியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஃபேனை ஒன்றில் வைத்தால் பெட்டி கொதிக்கும். மிச்சப்படுத்தியதாக நினைத்த கரண்ட் அங்கே சூடாகிக்கொண்டிருந்தது.

வீட்டுச் சுவரில் அடங்கும் டிம்மரைச் சாத்தியமாக்கியது 1957ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கொண்டுவந்த தைரிஸ்டர். கரண்டைத் தடுத்துச் சூடாக்காமல், நேரம் பார்த்துத் திறந்துவிடும் கதவு அது. நியூயார்க்கில் ஜோயல் ஸ்பைரா என்ற இளைஞர் வேலை பார்த்த ராணுவத் திட்டத்தில் இந்தப் பொருள் அவர் கண்ணில் பட்டது. இதை வைத்து வீட்டு விளக்கைக் குறைக்க முடியுமே என்று 1959ல் தன் அடுக்குமாடி வீட்டின் ஓர் அறையிலேயே முயற்சியைத் தொடங்கினார். 1961ல் லூட்ரான் என்ற கம்பெனி, 1962ல் காப்புரிமை. 1960களில் தைரிஸ்டரின் தம்பியான ட்ரையாக் வந்த பிறகு விலை இறங்கியது. இன்றைக்கு நம் கடைகளில் கிடைக்கும் டிம்மரும், திருகும் வகை எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். உள்ளே பிரித்துப் பார்த்தால் ஒரு ட்ரையாக், ஒரு டயாக், இரண்டு கெபாசிட்டர், திருகும் ரெசிஸ்டர். மொத்தமும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும்.

அது செய்யும் வேலை இதுதான். 10 மில்லிசெகண்டுக்கு ஒரு அரை அலை வருகிறது இல்லையா, அதன் தொடக்கத்தில் கதவு மூடியே இருக்கும். நீங்கள் திருகி வைத்த அளவுக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்து பிறகு திறக்கும். அலை பூஜ்யத்துக்கு வரும்போது தானாக மூடிக்கொள்ளும். அடுத்த அரை அலைக்கு மறுபடி. வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்திருக்கிறீர்கள் என்றால் விளக்குக்குப் போவது வெட்டிப் போட்ட துண்டுகள். வினாடிக்கு 100 துண்டு. குண்டு பல்பு அந்தத் துண்டுகளை வாங்கி, தன் சூட்டில் நிரவி, சீரான மங்கல் வெளிச்சமாகத் தந்தது. ஸ்பைராவின் கண்டுபிடிப்பில் பாதி பல்புக்குள் இருந்தது என்றே நான் சொல்வேன்.

பல்பு செய்த உதவி இன்னும் ஒன்று உண்டு. ட்ரையாக் கதவு திறந்தே இருக்க வேண்டுமானால் அதன் வழியே ஒரு குறைந்தபட்சக் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சாதாரண ட்ரையாக்குக்கு இது பத்து, பதினைந்து மில்லி ஆம்பியர் வரை போகலாம். அதற்குக் கீழே இறங்கினால் கதவு பட்டென்று மூடிக்கொள்ளும். 60 வாட் குண்டு பல்பு 230 வோல்ட்டில் இழுப்பது 260 மில்லி ஆம்பியர், கவலையே இல்லை. தவிர, டிம்மர் நேரம் பார்ப்பதற்கு அதற்குள் இருக்கும் கெபாசிட்டர் சார்ஜ் ஆக வேண்டும். அந்தக் கரண்டும் பல்பு வழியாகத்தான் போய்த் திரும்புகிறது, ஏனென்றால் டிம்மருக்கு இரண்டே ஒயர்தான், நியூட்ரல் இல்லை. பல்பு எப்போதும் ஒரு கம்பி; அணைந்திருக்கும்போது அதன் ரெசிஸ்டன்ஸ், எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆகவே டிம்மரின் கடிகாரம் துல்லியமாக ஓடியது.

டிம்மரின் பின்பக்கம் இதையெல்லாம் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள், ஒரே வரியில்: குறைந்தபட்சம் இத்தனை வாட். 40 இருக்கும், அல்லது 60. குண்டு பல்பு காலத்தில் அந்த வரியை யாரும் படிக்க வேண்டிய தேவையே வரவில்லை.

பிறகு எல்.இ.டி. வந்தது. 1962ல் நிக் ஹோலன்யாக் செய்த சிவப்பு எல்.இ.டி. ரேடியோவிலும் டேப் ரிகார்டரிலும் பொட்டாகவே வெகுகாலம் இருந்தது. 1993ல் ஜப்பானில் நிச்சியா கம்பெனியின் ஷுஜி நகமுரா பிரகாசமான நீலத்தைக் கொண்டுவந்தபின்தான் வெள்ளை வெளிச்சத்துக்கு வழி பிறந்தது. அதற்கு அடித்தளம் போட்ட அகசாகி, அமானோ இருவரோடு அவருக்கும் 2014ல் நோபல் பரிசு. அடுத்த ஆண்டு ஜனவரி 5ம் தேதி இந்தியாவில் உஜாலா திட்டம் தொடங்கியது. அரசு மொத்தமாகக் கொள்முதல் செய்ததில் 2014ன் தொடக்கத்தில் 310 ரூபாயாக இருந்த பல்பு விலை 2016ல் 38 ரூபாய்க்கு வந்தது. நாடு முழுக்க 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் கைமாறின. பெரிய சாதனை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 60 வாட் எரிந்த இடத்தில் 9 வாட்.

ஆனால் அந்தப் பல்பு எந்த மாதிரி லைனுக்காகச் செய்யப்பட்டது என்று பாருங்கள். நம் ஊர் லோ வோல்டேஜுக்காக. உள்ளே இருக்கும் டிரைவர், லைனில் 180 வந்தாலும் 250 வந்தாலும் எல்.இ.டி.க்கு ஒரே அளவு கரண்ட் கொடுக்கப் பாடுபடும். கிணற்று மோட்டார் ஓடினாலும் வெளிச்சம் குறையாது. மூன்று தலைமுறை அனுபவித்த தொல்லைக்கு உண்மையான மருந்து. இப்போது அதே பல்பை டிம்மரில் மாட்டுகிறீர்கள். டிம்மர் அலையை வெட்டி, "குறைவாக எரி" என்கிறது. பல்போ அதை ஒரு கோளாறாக எடுத்துக்கொண்டு, வெளிச்சத்தைப் பழைய அளவுக்கே தூக்கி நிறுத்தப் பார்க்கிறது. தூக்க முடியாத கட்டத்தில் டிரைவர் அணைந்துபோகிறது, ஒரு கணம் கழித்துத் திரும்பத் தொடங்குகிறது, மறுபடி அணைகிறது. இரண்டும் தத்தம் வேலையைச் சரியாகத்தான் செய்கின்றன. நமக்குத் தெரிவது மினுக்கல்.

கரண்ட் கணக்கையும் போட்டுவிடுவோம். 9 வாட் என்றால் சராசரியாக 39 மில்லி ஆம்பியர். அதுவும் சீராக இழுப்பதில்லை. மலிவான பல்புகளில் உள்ளே ஒரு கெபாசிட்டர் இருக்கிறது; அலை உச்சிக்கு வரும் நேரத்தில் மட்டும் ஒரு கவளமாக விழுங்கிவிட்டு மற்ற நேரம் எதுவும் எடுக்காது. ட்ரையாக் கதவைத் திறந்துவைக்க ஆள் இல்லை. கதவு பாதியில் மூடும், சமயத்தில் திரும்பத் திறக்கும், ஒரு அரை அலையில் ஒழுங்காகவும் அடுத்ததில் தப்பாகவும் போகும். வினாடிக்கு 100 என்று இருந்த துடிப்பு 50 ஆகி, 25 ஆகி, அதற்கும் கீழே இறங்கும். சிவசமுத்திரத்துக் காலத்துக்கே திரும்பிவிட்டோம் பாருங்கள். டிம்மரிலிருந்து வரும் அந்த "ஜ்ஜ்" சத்தமும் இதனால்தான். 325 வோல்ட் உச்சியில் கதவு திறக்கும்போது காலியாக இருக்கும் கெபாசிட்டருக்குள் கரண்ட் மொத்தமாகப் பாய்கிறது. பல்பின் ஆயுளையும் அது தின்கிறது.

எங்கள் சித்தி ஒருத்தி பீடி சுற்றுகிறாள். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு உள்ள தொழில்தான். மகன் வெளிநாட்டுக் காசில் கட்டிய வீட்டின் ஹாலில் ஆசை ஆசையாக டிம்மர் வைத்திருந்தான். ராத்திரி சாப்பிட்டு முடித்து, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்காரும் இடம் அந்த விளக்குக்குக் கீழே. "தலை வலிக்கி, கண்ணு பூத்துப் போவுது, வயசாயிட்டுல்லா" என்பாள். இரண்டு பல்பு மாற்றிப் பார்த்தாயிற்று, கண்ணாடியும் மாற்றியாயிற்று. நான் போனபோது டிம்மர் முக்கால் அளவில் இருந்தது. வெளிப்படையாக மினுக்கவில்லை, வெளிச்சம் கொஞ்சம் நடுங்குகிற மாதிரி ஒரு உணர்வு, அவ்வளவுதான். விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி வெளிச்சத்துக்கு எதிரே வேகமாக ஆட்டிக் காட்டினேன். ஒரே குச்சி விசிறி மாதிரி தனித்தனியாகப் பத்துப் பதினைந்து குச்சிகளாகத் தெரிந்தது. வெயிலில் ஆட்டினால் மங்கலான ஒரே பட்டையாகத்தான் தெரியும். "ஏ ஐயா, இதுக்கடியிலதான் நான் கத்திரி புடிச்சிக்கிட்டு இருக்கனா" என்றாள்.

அவள் தலைவலியை வயசின் மேல் போடுவதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1989ல் ஆர்னால்ட் வில்கின்ஸும் அவருடைய குழுவினரும் இங்கிலாந்தில் ஓர் அலுவலகத்தில் சோதனை செய்தார்கள். சாதாரண சோக்கு போட்ட டியூப்லைட் வினாடிக்கு 100 முறை துடிக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதே டியூப்லைட்டுகளை அதிவேக எலெக்ட்ரானிக் சோக்கில் எரியவிட்டுப் பார்த்தபோது, ஊழியர்களின் தலைவலியும் கண்சோர்வும் சராசரியாகப் பாதிக்கும் கீழே இறங்கின. கண்ணுக்குத் தெரியாத துடிப்பும் உடம்புக்குத் தெரிகிறது. லேத் பட்டறைகளில் இது இன்னொரு விதமாகத் தெரியவந்த விஷயம்: துடிக்கும் வெளிச்சத்தில் சுழலும் சக்கரம் நிற்பது மாதிரி தோன்றும், கை வைத்தால் போச்சு. அதனால்தான் டியூப்லைட் எரிகிற பட்டறைகளிலும் எந்திரத்துக்கு மேலே தனியாக ஒரு குண்டு பல்பைத் தொங்கவிடும் வழக்கம் இருந்தது. 2015ல் ஐ.இ.இ.இ. அமைப்பு எல்.இ.டி. துடிப்புக்கு ஒரு பரிந்துரை வெளியிட்டது. வினாடிக்கு 100 துடிப்பு என்றால் ஏற்ற இறக்கம் 8 சதவீதத்துக்குள் இருந்தால் ஆபத்து குறைவு என்கிறது அது. முழுதாக எரிந்து முழுதாக அணையும் துடிப்பு 100 சதவீதம்.

இனி காத்தாடி. காற்றாலை லைனில் வோல்டேஜ் அசைவை உண்டாக்கும் என்பது பொய் இல்லை. வலுவில்லாத லைனில் நிறைய காற்றாலைகள் சேர்ந்தால் அப்படி நடக்கலாம். அதை அளப்பதற்கென்றே உலகளாவிய தரநிலையோடு ஒரு கருவி இருக்கிறது, ஃப்ளிக்கர் மீட்டர் என்று பெயர். ஐ.இ.சி. அமைப்பு 1986ல் வரையறுத்தது. அந்த வரையறையைப் படித்தபோது சிரிப்பே வந்துவிட்டது. கருவிக்குள் என்ன கணக்கு ஓடுகிறது தெரியுமா? 230 வோல்ட், 60 வாட் குண்டு பல்பு ஒன்று. அது இந்த வோல்டேஜ் அசைவுக்கு எப்படித் துடிக்கும், அந்தத் துடிப்பு மனிதக் கண்ணுக்கும் மூளைக்கும் எவ்வளவு எரிச்சலூட்டும் என்பதைக் கணிதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். வினாடிக்கு 8.8 முறை ஏறி இறங்கும் வெளிச்சம்தான் மனிதர்களை அதிகம் தொந்தரவு செய்கிறது என்பதும் அதில் அடக்கம். ஊரெல்லாம் குண்டு பல்பைக் கழற்றிய பிறகும், மின்சாரம் மினுக்குகிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல ஒரு குண்டு பல்பு கருவிக்குள் எரிந்துகொண்டே இருக்கிறது. பின்னாளில் அந்தக் கற்பனை பல்பை எடுத்துவிட்டு நிஜ விளக்கின் ஒளியையே நேராக அளக்கும் முறையும் வந்திருக்கிறது. காற்றாலைக்கு இன்றும் கேட்கப்படும் கேள்வி 60 வாட் இழையை வைத்துத்தான்.

காத்தாடியா டிம்மரா என்று பிரித்துப் பார்ப்பது எளிது. லைன் கோளாறு என்றால் வீட்டில் எல்லா விளக்கும், பெரும்பாலும் பக்கத்து வீட்டிலும், சேர்ந்து அசையும். ஒரு விளக்கு மட்டும் மினுக்கினால் கோளாறு அந்த ஹோல்டருக்கும் அந்த சுவிட்சுக்கும் இடையில்தான். ஒரு எச்சரிக்கை: சில விளக்குகள் திடீரென்று அதிகப் பிரகாசமாகவும் வேறு சில மங்கலாகவும் போனால் அது நியூட்ரல் விட்டுப்போன அறிகுறி. டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் போய்விடும். மெயினை அணைத்துவிட்டு ஈ.பி. ஆபீசுக்குச் சொல்லுங்கள், அதில் ஆராய்ச்சி வேண்டாம்.

டிம்மர்தான் என்று சந்தேகம் வந்தால் திருகை முழுதாகத் திருப்பிப் பாருங்கள். மினுக்கல் குறைந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. அதே டிம்மரில் இரண்டு ஹோல்டர் இருந்தால் ஒன்றில் பழைய 40 வாட் குண்டு பல்பை மாட்டுங்கள். எல்.இ.டி. சட்டென்று அமைதியானால் குறைந்தபட்ச வாட் பிரச்சினை என்பது உறுதி. சுவிட்சை அணைத்த பிறகும் சில வினாடிக்கு ஒருமுறை பல்பு பளிச்சிட்டுப் பயமுறுத்துகிறது என்றால் அது வேறு கதை. சுவிட்சில் இருக்கும் சின்ன சிவப்பு இண்டிகேட்டர் வழியே கசியும் கரண்ட், பல்புக்குள் இருக்கும் கெபாசிட்டரில் சொட்டுச் சொட்டாகச் சேர்கிறது. நிறைந்ததும் ஒரு முறை மின்னுகிறது. பேயும் இல்லை பிசாசும் இல்லை. சுவிட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் போடப்பட்டிருந்தாலும் இதே மாதிரி நடக்கும், அதை ஒயர்மேனை வைத்து உடனே மாற்றிவிட வேண்டும்.

தீர்வு என்று வந்தால் என் கட்சி ரொம்ப சாதாரணமானது. டிம்மரைக் கழற்றிவிட்டு ஒரு சுவிட்சைப் போடுங்கள். சித்தி வீட்டில் அதைத்தான் செய்தோம், அதே பல்பு அசையாமல் எரிகிறது. மங்கல் வெளிச்சம் வேண்டுமானால் பக்கத்தில் அரை வாட் எல்.இ.டி. ஒன்றைத் தனி சுவிட்சில் மாட்டிக்கொள்ளலாம். இல்லை, எனக்குத் திருகினால் குறையத்தான் வேண்டும் என்பவர்கள் இரண்டையும் மாற்ற வேண்டும். பல்பின் அட்டையில் டிம்மபிள் என்று எழுதியிருக்க வேண்டும், டிம்மரும் எல்.இ.டி.க்கு என்று சொல்லி விற்பதாக இருக்க வேண்டும். அந்த வகை டிம்மர்கள் பலவற்றில் அலையின் முன்பகுதியை விட்டுவிட்டுப் பின்பகுதியை வெட்டுகிறார்கள். உச்சியில் போய்த் திடீரென்று கதவைத் திறக்கும் அந்த அதிர்ச்சி இல்லை. அமெரிக்காவில் 2013ல் நெமா அமைப்பு டிம்மரும் பல்பும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதற்கு என்றே ஒரு தரநிலை கொண்டுவந்தது. ஸ்பைராவின் காப்புரிமைக்கு 51 வருடம் கழித்து, அதுவரை பல்பு வாய் திறக்காமல் செய்துவந்த வேலை முதல்முறையாக எழுத்தில் ஏறியது.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும். மினுக்குகிறது என்று பல்பைக் கொண்டுவருபவரிடம் மாற்றுப் பல்பு கொடுப்பதற்கு முன், கடையில் இருக்கும் சாதாரண சுவிட்சில் அதை ஒருமுறை எரியவிட்டுக் காட்டுங்கள். அங்கே ஒழுங்காக எரிந்தால், வீட்டில் என்ன சுவிட்ச் என்று கேளுங்கள்.